கினிப் பன்றிக்கு ஆட்டு ஊசி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கால்நடைப் பக்கத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் இடம் உண்டு. கினிப் பன்றிக்கு இதுவரை இல்லை. கோவை, திருப்பூர், ஈரோட்டு வீடுகளுக்குள் அது நுழைந்து பல காலமாகிவிட்டது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்குகிறார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் கூண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. தீபாவளி நெருங்கும்போது முடி கொட்டி, முதுகெலும்பு தட்டி, நகம் சுருண்டு கிடக்கிற பிராணியை, "தோட்டத்துல உட்ருங்க, புல்லு மேஞ்சு பொழச்சுக்கும்" என்று ஊர்ப்புறத்துச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள்.

வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இரக்கமுள்ளவர்கள். கட்டுத்தரையில் மருந்துப் பெட்டி இருக்கும், ஊசி போட்ட கைப்பழக்கமும் இருக்கும். வினையே அதில்தான். ஆட்டுக்குக் கேட்ட மருந்தை முக்கால் கிலோ பிராணிக்கும் போட்டுவிடுகிறார்கள். பட்டினியில் தப்பி வந்தது ஊசியில் போய்விடுகிறது. வந்த முதல் பத்து நாளில் என்ன செய்ய வேண்டும், எதில் கைவைக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

பெயரில் பன்றி இருந்தாலும் இது எலி, அணில் போன்ற கொறி விலங்கு. நம் பெரியவர்கள் சீமைப் பெருச்சாளி என்பார்கள். பூர்விகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. ஆகவே குளிர்நாட்டு உடம்பு. 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும், 30-ஐத் தாண்டினால் திணறும். கரூர் பரமத்தியில் வெயில் 40-ஐத் தாண்டும் நாளில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் சாயங்காலம் வரை தாங்காது. வந்தவுடன் முதல் வேலை, வீட்டிலேயே குளிர்ந்த இடமாகப் பார்த்து, தரையோடு தரையாக வைப்பது. நாய் குரைப்பும் டிவி சத்தமும் எட்டாத மூலை நல்லது. பழைய மண்பானையின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்தால் ஒளிந்துகொள்ள இடமும் ஆச்சு, குளிர்ச்சியும் ஆச்சு. கூண்டின் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஈரச் சாக்கு போதும். நான்கு பக்கமும் மூடினால் காற்று தேங்கிப் புழுங்கும்.

கால் நீட்டிப் படுத்து, எச்சில் ஒழுகி, காது சிவந்து சுட்டால் வெயில் அடித்துவிட்டது என்று பொருள். காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, விசிறியை மெல்ல வைத்து, மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்சூடு உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்தது தராசு. சமையலறை டிஜிட்டல் தராசே போதும். ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, பிராணியை அதில் விடுங்கள். வளர்ந்த ஆண் 900 முதல் 1,200 கிராம் வரையும், பெண் 700 முதல் 900 வரையும் இருக்கும். வளர்ந்தது 500-க்குள் நின்றால் நெடுநாள் பட்டினி. முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் ஒரே நேரத்தில் நிறுத்து, நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பத்து, இருபது கிராம் ஏறி இறங்குவது சகஜம். 50 கிராம் குறைந்தால் கூர்ந்து பாருங்கள், 100 குறைந்தால் கிளம்பிவிடுங்கள். இந்தப் பிராணி நோயை மறைப்பதில் கெட்டி. இரை விலங்கு, நொடிப்பைக் காட்டினால் முதலில் தின்னப்படுவது அதுதான். முகத்தில் தெரிவதற்கு நாலு நாள் முன்பே தராசில் தெரிந்துவிடும்.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்புறத்தைத் தாங்க வேண்டும். சின்னப் பிள்ளை கையிலிருந்து இடுப்புயரத்தில் விழுந்தாலே முதுகெலும்பு முறியும். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி வயிறு. மாட்டுக்கு அசைபோடும் வயிறு எப்படியோ, இதற்குக் குருட்டுக்குடல் அப்படி. அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புல் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. உள்ளே நார் போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் நகரும். 12 மணி நேரம் ஒன்றும் தின்னாவிட்டால் குடல் ஓட்டம் மந்தமாகும். ஒரு நாள் தாண்டினால் வாயு கட்டும், ஈரலில் கொழுப்பு சேரத் தொடங்கும். நாய்க்குச் செய்வது போல "ஒரு நாள் வயிறு காயட்டும்" என்ற வைத்தியம் இதற்குக் கொலை.

ஆகவே தானாகத் தின்னாத கினிப் பன்றிக்கு ஊட்டியாக வேண்டும். அதற்கு முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். பறை மாதிரி இறுகி, தட்டினால் ஒலி வந்தால் ஊட்டவே கூடாது. வாயு அடைத்திருக்கிறது, அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும். வயிறு மெத்தென்று இருந்தால் மட்டும் ஊட்டலாம்.

கலவை இப்படி: மருந்து கலக்காத முயல் அல்லது கினிப் பன்றிப் பெல்லட் (குருணைத் தீவனம்) ஒரு பங்கு, வெந்நீர் இரண்டரைப் பங்கு. அரை மணி ஊறியதும் மசித்து, நன்கு காய்ந்த புல்லை மிக்ஸியில் மாவாக அரைத்து ஒரு கைப்பிடி சேர்த்து, டீ வடிகட்டியில் வடித்தெடுங்கள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். நோயாளிப் பிராணிகளுக்கென்றே வரும் புல் பொடி கிடைத்தால் இன்னும் நல்லது. 800 கிராம் பிராணிக்கு நாளுக்கு 50 முதல் 60 மில்லி. ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 8 முதல் 10 மில்லி. ராத்திரி ஒரு வேளைக்கு எழுந்துதான் ஆக வேண்டும்.

துண்டில் சுற்றி, நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருக்க உட்கார வையுங்கள். ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சின் நுனியைக் கொஞ்சம் வெட்டி, சொரசொரப்பு போகத் தேய்த்துக்கொள்ளுங்கள். முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, அரை மில்லி விட்டு, மென்று விழுங்கிய பிறகு அடுத்தது. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலில் இறங்கிவிடும். ரெண்டு நாளில் மூச்சிரைப்பு தொடங்கும். குழந்தைக்குச் சங்கில் பால் ஊற்றிய கை உள்ளவர்களுக்கு இந்த ஒன்றுதான் மறக்க வேண்டிய பழக்கம்.

பால், தயிர், பழைய சோறு, பிஸ்கட், குழந்தைகளுக்கான சத்துமாவு எதுவும் வேண்டாம். மாவுச்சத்தும் சர்க்கரையும் குருட்டுக்குடலில் கெட்ட கிருமியைத்தான் வளர்க்கும். பட்டினி கிடந்து வந்ததற்கு முன்னால் ஒரு வட்டல் நிறையப் பழமும் கீரையும் கொட்டுவதும் தப்பு. முதல் நாள் காய்ந்த புல்லும் தண்ணீரும், கூடவே ஒரு சின்னத் துண்டு கொய்யா. பச்சையை ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கூட்டுங்கள்.

புழுக்கை பார்க்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் தெரிந்த மாதிரி. நல்ல புழுக்கை கடுகளவு சிறியதாக இராது. நீள்வட்டமாக, பழுப்பாக, லேசான பசையோடு இருக்கும். ஒரு நாளில் நூற்றுக்கு மேல் போடும். சின்னதாக, காய்ந்து, ஒரு முனை கூராக வந்தால் உணவு உள்ளே போகவில்லை. தன் புழுக்கையைத் தானே தின்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு தரம் புளித்த சத்தை இரண்டாம் தரம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

விட்டமின் சி விஷயத்தில் மனிதனும் கினிப் பன்றியும் ஒரே கட்சி. இருவர் உடம்பும் அதைத் தயாரிக்காது. ஆடு, மாடு, முயல், எலி எல்லாம் தாமே தயாரித்துக்கொள்ளும். 1907-ல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் வெறும் தானியம் கொடுத்து வளர்த்த கினிப் பன்றிகளுக்கு, மாலுமிகளைப் பிடித்த ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டார்கள். விட்டமின் சி ஆராய்ச்சிக்கு அதுதான் வழி திறந்தது. அந்தத் தானிய வைத்தியத்தைத்தான் நம் கடைகளில் இன்றும் செய்கிறார்கள்: கிளிக்குப் போடும் தினை, கம்பு, சூரியகாந்தி விதைக் கலவையையே இதற்கும் போடுகிறார்கள்.

இரண்டு மூன்று வாரம் விட்டமின் சி இல்லாவிட்டால் மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், பின்னங்கால் இழுபடும், தொட்டால் கீச்சிடும். "கால் விழுந்துருச்சு, வாதம்" என்று சொல்லி நரம்பு ஊசி போடுவது இந்த நிலையில்தான். அதில் இருப்பது பி வைட்டமின், பயன் இராது. ஸ்கர்விதான் காரணமென்றால் சி கொடுத்த ஒரு வாரத்துக்குள் நடையில் மாற்றம் தெரியும். தெரியாவிட்டால் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அளவு: நல்ல நிலையில் உள்ளதற்கு எடை கிலோவுக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம், நோயுற்றதற்கும் சினையானதற்கும் 30 முதல் 50. மெடிக்கலில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கரைத்தால் மில்லிக்கு 50 மில்லிகிராம். 800 கிராம் பிராணிக்கு 0.8 மில்லி, நேரே வாயில். மிச்சத்தை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். தண்ணீர்ப் பாட்டிலில் கலக்கக் கூடாது. ஒரு நாளில் பாதிக்கு மேல் வீரியம் போய்விடும், ருசி மாறியதால் தண்ணீரையே குடிக்காமலும் விட்டுவிடும். விட்டமின்கள் பலவும் கலந்த டானிக்கும் கூடாது; அதில் உள்ள ஏ, டி இரண்டும் அளவு மீறினால் கெடுதல். தேறிய பிறகு மாத்திரை தேவையில்லை. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமை ஒட்டி சி உண்டு. நாளுக்கு 15 கிராம் துண்டு ஒன்று போதும். குடை மிளகாயும் கொத்தமல்லித் தழையும் நல்லவை. நெல்லிக்காயில் கொய்யாவைவிட அதிகம்தான், ஆனால் புளிப்புக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெல்லட் வாங்கினால் தயாரித்த தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியதில் சி பெருமளவு போயிருக்கும்.

புல்லுக்கு வருவோம். கடைக்காரர்கள் விற்கும் வெளிநாட்டுத் திமோதிப் புல்லுக்குக் கொடுக்கிற விலையைப் பார்த்தால் நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலம் சிரிக்கும். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொழுக்கட்டைப் புல் இந்தப் பிராணிக்கு அருமையான தீனி. கதிர் முற்றுவதற்கு முன் அறுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். கையில் கசக்கினால் பசுமை வாசனை வர வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. கதிர் முற்றினால் சுணை வாயிலும் கண்ணிலும் குத்தும். தினமும் பிராணியின் உடம்பளவு பெரிய கட்டு ஒன்று போடுங்கள். தீரத் தீரப் போட வேண்டும். அருகம்புல்லும் நன்று, கோயில் வாசலில் விற்பதைக் கழுவி உலர்த்திக் கொடுங்கள். நெல் வைக்கோல் வயிற்றை அடைக்குமே தவிர சத்து குறைவு. கோ-4 போன்ற நேப்பியர் தீவனப்புல் ரகங்களில் இலையை மட்டும் கிள்ளிப் போடலாம், ஆக்சலேட் என்ற உப்பு இருப்பதால் அதையே தினமும் வேண்டாம்.

வேண்டாதவை நம் தோட்டத்திலேயே நிறைய உண்டு. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குட்டிக்கும் சினைக்கும் கொஞ்சம் தரலாம், மற்றதற்கு மூத்திரப்பையில் கல் சேரும். சவுண்டல் தழையில் உள்ள மைமோசின் முடியை உதிர்க்கும். முடி கொட்டிய பிராணிக்குச் சவுண்டல் போட்டுவிட்டுச் சொறி மருந்து தேடுவது வீண். இளம் சோளப்பயிர், மறுதாம்புச் சோளம் இரண்டிலும் உள்ள விஷம் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததே. பூஞ்சை பிடித்த கடலைக்கொடியும் புண்ணாக்கும் ஈரலைக் கெடுக்கும். புல்லுக் கட்டுக்குள் பார்த்தீனியம், அரளி, ஊமத்தை கலந்திருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். தக்காளிச் செடி, உருளைக்கிழங்குத் தழை, வெங்காயத் தாள் கூடாது. காலிஃபிளவர் இலை வாயுவைக் கிளப்பும், பூச்சிமருந்தும் படிந்திருக்கும்.

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழித் தீவனம் கையருகில் இருப்பதால் அதில் ஒரு பிடி போடுகிறார்கள். முட்டை ஓட்டுக்காக அதில் நூற்றுக்கு மூன்றரை, நான்கு பங்கு கால்சியம் சேர்த்திருக்கும். நார் இல்லை, சி இல்லை. கல் உருவாக்க இதைவிட நல்ல கலவை வேண்டுமா? இதன் மூத்திரம் இயல்பிலேயே கொஞ்சம் வெள்ளையாகக் கலங்கி இருக்கும், அது நோயில்லை. சிவப்பாக வந்தால், முக்கிக் கீச்சிட்டால், அடிவயிறு எப்போதும் நனைந்திருந்தால் கல்லைச் சந்தேகியுங்கள்.

தண்ணீர்ப் பாட்டிலில் ஒரு சூது உண்டு. நம் போர்வெல் தண்ணீரின் உப்பு, குழாய் நுனியில் உள்ள உருண்டையைச் சுற்றிப் படிந்து, அதை அசையவிடாமல் பிடித்துவிடும். பாட்டில் நிறைந்தே இருக்கும், பிராணி தாகத்தில் கிடக்கும். தினமும் விரலால் உருண்டையைத் தட்டி நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு தரம் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கழுவுங்கள். நோயுற்றதற்குக் கனமான சின்னப் போசியில் தண்ணீர் வைப்பது இன்னும் சுலபம்.

இப்போது மருந்து. இந்தப் பகுதியை மட்டுமாவது வெட்டாமல் போடுங்கள்.

பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், செஃபலெக்சின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின்: இவை கினிப் பன்றிக்கு விஷம். மாட்டு மடிநோய்க்குப் போடும் பெனிசிலின் கலவை ஊசியும், பிள்ளைகள் சளிக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின் சிரப்பும் இதில் அடக்கம். குருட்டுக்குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை இவை கொன்றுவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். மருந்து கொடுத்த அன்று ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தீனி நிற்கும், நீராகப் போகும், உடம்பு சில்லிட்டுச் சாகும். "ஊசி போட்டும் பொழைக்கல" என்று சொல்லிக்கொள்வார்கள். பெனிசிலின் இதற்கு நஞ்சு என்பது 1943-லேயே ஆய்வில் பதிவானது. அதற்கு மூன்றாண்டு முன் ஆக்ஸ்போர்டில் அதைச் சோதித்தது சுண்டெலியில். கினிப் பன்றியில் சோதித்திருந்தால் அந்த மருந்தையே தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு.

சளி, மூச்சிரைப்புக்கு மருத்துவர் பொதுவாக என்ரோஃப்ளாக்சசின் அல்லது ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா வகையை, நிறுத்துப் பார்த்து, எழுதுவார். தப்பான சீட்டை நீங்களே கண்டுகொள்ளலாம் என்பதற்காகப் பெயரைச் சொல்கிறேனே ஒழிய, கடையில் வாங்கிப் போட அல்ல. முயலோடும் நாயோடும் ஒன்றாக வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்: அவை சும்மா சுமந்து திரியும் போர்டெடெல்லா கிருமி கினிப் பன்றிக்கு நிமோனியா ஆகிவிடும். முயலின் ஒரு உதையில் விலா முறிவது தனிக்கதை.

சொறிக்கு ஐவர்மெக்டின் சரியான மருந்துதான். அளவில்தான் ஆபத்து. ஆட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஊசியில் மில்லிக்கு 10 மில்லிகிராம், 50 கிலோ எடைக்கு 1 மில்லி கணக்கு. கினிப் பன்றிக்குக் கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். 800 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 0.016 முதல் 0.032 மில்லி வரும். 2 மில்லி சிரிஞ்சில் உள்ள மிகச் சின்னக் கோடு 0.1 மில்லி, அந்த ஒரு கோடு போட்டாலே மூன்று முதல் ஆறு மடங்கு. "ஒரு சொட்டு தானுங்க" என்பதன் பொருள் இதுதான். மருத்துவர் அதை நீர்த்துக்கொண்டு, நுண்ணளவு சிரிஞ்சில் எடுப்பார். சொறிப் பூச்சியின் முட்டையை மருந்து தொடாது. பொரித்து வருவதைப் பிடிக்க 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போட வேண்டும். முதல் ஊசியில் அரிப்பு நின்றது என்று விட்டுவிட்டால் மாதம் திரும்புவதற்குள் சொறியும் திரும்பும்.

கழுத்து, தோள், முதுகு என்று முடி கொட்டிப் பொருக்குத் தட்டுவது டிரிக்சாகரஸ் என்ற உண்ணிப்பூச்சியின் அடையாளம். அரிப்பு முற்றியதைத் தொட்டுத் தூக்கினாலே வலிப்பு வரும். வலிப்பு வந்ததும் வேப்பெண்ணெய் தடவி, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டக் கிளம்பாதீர்கள். இருட்டான பெட்டியில் வைத்து, ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுபோங்கள். மூக்கு, கண், காதைச் சுற்றி வட்டமாகச் செதில் விட்டால் அது படர்தாமரையாக இருக்கலாம், பிள்ளைகளுக்கு ஒட்டும். கையுறை போட்டுத் தொட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஈரக் கூண்டில் கிடந்தவற்றின் பின்புறத்தில் புழு வைத்திருக்கும். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைனும் கற்பூர எண்ணெயும் இங்கே கூடாது. தோலை எரித்து உள்ளேயும் இறங்கும். அரை லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்துக் கழுவி, தெரிகிற புழுவை இடுக்கியில் எடுத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல், வலி என்று பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள்.

பாதப்புண் முயல் கூண்டின் கம்பி வலையால் வருவது. வலை மேல் அட்டையும் அதன் மேல் துணியும் விரித்தாலே பாதி ஆறும். போவிடோன் அயோடினை வெளிர் டீ நிறத்துக்கு நீர்த்து, நாளுக்கு இருமுறை ஐந்து நிமிடம் பாதத்தை நனைத்து ஒற்றி எடுங்கள். வீக்கம் உருண்டு நின்றால் எலும்பு வரை போயிருக்கும், மாதக்கணக்காகும். படுக்கைக்குத் திருப்பூர் பனியன் துணி வெட்டுத் துண்டுகள் அருமை. நூல் வேஸ்ட் மட்டும் ஆகாது, விரலைச் சுற்றி இறுக்கி அழுக வைக்கும். மர அறுவைத் தூளும் பொள்ளாச்சித் தென்னை நார்த்தூளும் மூக்கில் ஏறும். துணியைத் தினமும் மாற்ற வேண்டும். மூத்திரத்தின் காரநெடி உங்கள் மூக்குக்கு எட்டினால், தரையோடு மூக்கு வைத்திருக்கிற அதன் நுரையீரல் என்ன பாடுபடும்?

தின்ன ஆசையோடு வந்து, வாயில் வைத்துவிட்டு உதறிப் போனால், தாடை நனைந்திருந்தால், பல். இதன் இருபது பல்லும் ஆயுசுக்கும் வளரும். புல் மென்று தேயாததால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் நாக்கின் மேல் பாலம் போட்டுவிடும். வெளியே தெரிகிற முன்பல்லை நகவெட்டியில் நறுக்குவதால் பயனில்லை. பல் நெடுக்கே பிளந்து சீழ் பிடிக்கும். மயக்கம் கொடுத்து உள்ளே பார்த்துத் தேய்க்க வேண்டும்.

வந்தது பெண்ணென்றால் சினையாக இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில்தான். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஆறேழு மாதத்துக்கு மேல் முதல் ஈற்றென்றால் இடுப்பெலும்பு இறுகியிருக்கும், குட்டி வெளியே வராமல் அறுவைக்குப் போகும். கடைசி இரண்டு வாரத்தில் தீனி நின்றால் ஒரு வேளைகூடக் காத்திருக்க முடியாது. ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே கினிப் பன்றி இருந்தால், புதியதை மூன்று வாரம் தனி அறையில் வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-ம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகள்படி, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. நோயுள்ளதையும் பால் மறவாததையும் விற்கவும் கூடாது. தீனி, தண்ணீர், நிழல் கொடுக்காமல் வைத்திருப்பது 1960-ம் ஆண்டுச் சட்டப்படி வளர்ப்பவர் மீதும் குற்றமே. தோட்டத்தில் விட்டால் பிழைக்கும் என்பதும் கதைதான். பூனைக்கும் கீரிக்கும் ஒரு ராத்திரி வேலை.

ஊர் மருந்தகங்களில் மாட்டைப் பார்த்தே நேரம் போய்விடும். கினிப் பன்றி பார்க்கிறவரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு, உடுமலையிலும் ஒன்று வந்திருக்கிறது. கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். பஸ்ஸில் போவதானால் அட்டைப் பெட்டியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, துணி விரித்து, ஒரு பிடி புல்லும் ஒரு துண்டு வெள்ளரியும் வையுங்கள். காலை வெயில் ஏறுமுன் சேர்ந்துவிட வேண்டும். ஒரு சீட்டில் இவற்றை எழுதிக் கையில் கொடுங்கள்: இன்றைய எடை, முந்தைய எடைகள், கடைசியாகத் தானே தின்ற நேரம், ஊட்டிய அளவு, புழுக்கையின் அளவும் வடிவமும், மூத்திர நிறம், ஏற்கெனவே யாராவது ஏதாவது ஊசி போட்டிருந்தால் அதன் பெயரும் தேதியும். மருந்துப் புட்டி இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். நாலைந்து புழுக்கையை ஈரம் காயாமல் ஒரு டப்பியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கால்நடைப் பராமரிப்பில் உள்ள ஒரு வாசகர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.